உடம்பு சரியில்லாத குழந்தையை வீடியோ காலில் டாக்டரிடம் காட்டுவது: முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரிலிருந்து குழந்தைகள் டாக்டரைப் பார்க்க மதுரைக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அதனால் நான்கு வருஷமாக, சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வரும்போது என் இரண்டு பிள்ளைகளையும் பெரும்பாலும் வீடியோ காலில்தான் காட்டுகிறேன். தங்கை குழந்தைக்கும், எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கால் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். டாக்டர் வந்ததும் "எடை எவ்வளவு?" என்பார். தெரியாது. "காய்ச்சல் எத்தனை இருக்கு?" என்பார். "கொதிக்குது சார்" என்று பதில் வரும். தெர்மாமீட்டர் தேடி ஒருவர் உள்ளே ஓடுவார். மருந்து பாட்டில் எங்கே என்று இன்னொருவர் தேடுவார். கிடைத்த ஏழு நிமிஷத்தில் நாலு நிமிஷம் இப்படியே கரைந்துவிடும்.

வீடியோவில் வரும் டாக்டரால் குழந்தையைத் தொட முடியாது, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது. அளப்பது, எண்ணுவது, அழுத்திப் பார்ப்பது எல்லாம் நம் கையில் இருக்கிறது. அதில் பாதியைக் கால் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்; முன்பின்னாக மாற்றாதீர்கள்.

1. முதல் கேள்வி: இந்தக் குழந்தையை நேரில் கொண்டுபோக வேண்டுமா?

என் இளையவனுக்கு ஒன்றரை வயதில் ஒருநாள் ராத்திரி மூச்சு இழுப்பு வந்தது. நான் போனை எடுத்து டோக்கன் போட்டு, இருபது நிமிஷம் வரிசையில் காத்திருந்தேன். டாக்டர் திரையில் வந்து அவன் சட்டையைத் தூக்கச் சொன்னார். விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்ததைப் பார்த்ததும், "போனை வச்சிட்டுக் கிளம்புங்கம்மா" என்றார். அந்த இருபது நிமிஷத்தில் நான் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். அன்றிலிருந்து, கால் போடலாமா என்ற கேள்விக்கு முன் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறேன்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். வண்டி இல்லையென்றால் 108:

- 3 மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இந்த வயதில் பெரிய தொற்றுகூட வெறும் காய்ச்சலாகத்தான் தெரியும். ரத்தம், சிறுநீர் பரிசோதனை இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.
- மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுக்கிறது, முனகுகிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது.
- பால் குடிக்க முடியவில்லை, அல்லது குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது.
- வலிப்பு வந்தது, அல்லது வந்து நின்றது.
- எழுப்பினால் சரியாக எழவில்லை; கண் திறந்து உடனே மயங்குகிறது.
- 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை.
- மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், அல்லது பச்சை நிறத்தில் வாந்தி.
- கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்.
- தலையில் அடிபட்டபின் வாந்தி. மாத்திரை, மண்ணெண்ணெய், பட்டன் பேட்டரி விழுங்கியது. பாம்பு, தேள், நாய்க்கடி.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதையும் வாயில் ஸ்பூன் வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எப்போது தொடங்கியது என்று மணி பாருங்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று, "என் பிள்ளை இப்படி இருக்கவே இருக்காது" என்று மனதை உறுத்தினால் அதையும் மதியுங்கள். குழந்தையைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம்தான்.

சாதாரணச் சளி இருமல், குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும் காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, கண் சிவப்பு, மலச்சிக்கல், ஏற்கெனவே நேரில் காட்டிய நோய்க்கு மறுபடி பார்ப்பது, மருந்தில் வரும் சந்தேகம் இவையெல்லாம் வீடியோவுக்குச் சரியாக வரும்.

2. குழந்தை நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ராத்திரி 11 மணிக்குக் காய்ச்சலோடு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆப் இறக்கி, ஓடிபி வாங்கி, பெயர் பதிவது பெரிய அவஸ்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதை முடித்துவிடுங்கள்.

வீடியோ காலில் டாக்டரைப் பார்க்க மத்திய அரசு நடத்தும் இ-சஞ்சீவனியில் கட்டணம் கிடையாது. மொபைல் எண் கொடுத்து, குழந்தையின் பெயர், வயதைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் குழந்தைகள் பிரிவு டாக்டர் இருப்பார் என்பதை முன்பே பார்த்து எழுதி வையுங்கள். ராத்திரியில் யாரிடமாவது ஆலோசனை கேட்க மட்டும் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் 104 எண் இருக்கிறது.

வீட்டில் ஒரு டப்பா தனியாக இருக்கட்டும். அதில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, சிறிய டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச்சீட்டுகள். சிரிஞ்ச் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மருந்து அளக்கும்போது அதன் அருமை புரியும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தை விரலில் சரியாக உட்காராது. அதில் 98 காட்டுகிறது என்பதற்காக, நெஞ்சு இழுக்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

3. எந்த டாக்டர்?

குழந்தையை முன்பே நேரில் பார்த்த டாக்டர் வீடியோவில் பார்ப்பாரா என்று முதலில் கேளுங்கள். பலர் இப்போது வாட்ஸ்அப்பிலேயே பார்க்கிறார்கள். விதிப்படி அதற்கு இடம் உண்டு. போன வருஷம் இதே குழந்தைக்கு இழுப்பு வந்தது, ஒரு ஆன்டிபயாடிக்கில் தடிப்பு வந்தது என்பது அவருக்குத் தெரியும். புது டாக்டருக்கு அதைச் சொல்லவே உங்கள் நேரம் போய்விடும்.

புதியவர் என்றால் பெயருக்குப் பின்னால் எம்.டி. பீடியாட்ரிக்ஸ், டி.என்.பி. பீடியாட்ரிக்ஸ், டி.சி.எச். என்று குழந்தைகள் மருத்துவப் படிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணும் போட்டிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் டாக்டரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

இன்னொன்று: ஆடியோ கால் போதும் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் விதிமுறைகளின்படி, முதல் தடவை பார்க்கும் நோயாளியை வீடியோவில் பார்த்தால்தான் பல மருந்துகளை டாக்டர் எழுத முடியும். தூக்க மாத்திரை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை வீடியோவில் பார்த்தாலும் எழுத முடியாது. குழந்தையுடன் வயது வந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பதினான்கு வயது அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

4. கால் வருவதற்கு முன் மூன்று எண்கள்

டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் இதற்குத்தான். இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

எடை. குழந்தைக்கு மருந்து கிலோ கணக்கில்தான். வயதை வைத்து டாக்டர் குத்துமதிப்பாகப் போட்டால், மெலிந்த குழந்தைக்கு அதிகமாகவும் கனமான குழந்தைக்குக் குறைவாகவும் போய்விடும். வீட்டில் பெரியவர்கள் ஏறும் டிஜிட்டல் எடை மெஷின் இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லாதவர்கள் அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை போட்டு எழுதி வைக்கலாம். தடுப்பூசி அட்டையில் இருக்கும் ஏழு மாதத்துக்கு முந்தைய எடையைச் சொல்லாதீர்கள்.

காய்ச்சல். கைக்குழந்தைக்கு அக்குளில் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பீப் வரும்வரை காத்திருங்கள். எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள். "102.2, மாலை 4.10, மருந்து கொடுத்து ஐந்து மணி நேரம் கழித்து" என்றால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் எடுத்த 99-ஐ மட்டும் சொன்னால், காய்ச்சல் இல்லை என்று அவர் நினைக்கக்கூடும்.

மூச்சு எண்ணிக்கை. ஒரு குழந்தையின் நுரையீரலைப் பற்றி வீட்டிலிருந்தே சொல்லக்கூடிய நல்ல எண் இது. தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் எழுவதைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஒருவர் போனில் டைமர் பிடிக்க, இன்னொருவர் எண்ணுவது சுலபம். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று.

இதில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை: பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது. கைக்குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. வேகமாக விட்டு, சற்று நின்று, மறுபடி விடும். அந்த நிற்கும் இடத்தில் எண்ணினால் கணக்கு மாறிவிடும். அழுதவுடனும் பால் குடித்தவுடனும் எண்ணாதீர்கள்.

2 மாதத்துக்குக் கீழே நிமிஷத்துக்கு 60, 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அது வேகமான மூச்சு. மறுபடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாறாமல் இருந்தால் வீடியோ காலை விட்டுவிட்டு நேரில் கிளம்புங்கள்.

5. முன்பே எடுத்து வைக்கும் படங்கள்

கால் வரும் நேரத்தில் குழந்தை இருமவே இருமாது. நாள் முழுக்க இருமிவிட்டு, டாக்டர் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே இருமும்போது அரை நிமிஷ வீடியோ எடுத்து வையுங்கள். சத்தம் முக்கியம், டிவியை நிறுத்திவிட்டு எடுங்கள். தூங்கும்போது சட்டை இல்லாமல் மூச்சு விடும் வீடியோ ஒன்று. நடுங்கியது, உடல் வெட்டியது என்றால் பயத்தில் போனைத் தேடத் தோன்றாது என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரை எடுக்கச் சொல்லுங்கள்.

தோல் தடிப்பை ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒரு படம் பக்கத்தில், ஒரு படம் தள்ளி நின்று உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும்படி. நம் நிறத்துக் குழந்தைகளின் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. மஞ்சள் பல்பின் கீழே சுத்தமாகத் தெரியாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பா, மேடா, நீர் கோத்திருக்கிறதா என்பதையும் வார்த்தையில் சொல்லுங்கள்.

மலம் சந்தேகமாக இருந்தால் அதையும் படம் எடுங்கள். டாக்டருக்கு அதில் அருவருப்பு ஒன்றும் இல்லை. அந்தரங்க உறுப்பைக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும், டாக்டர் கேட்டபின் நேரலையில் காட்டுங்கள். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்ற விடாதீர்கள்.

6. ஒரு தாளில் எழுதுங்கள்

பதற்றத்தில் மறந்துபோகும் என்பதால்தான் தாள். போன மாதம் தங்கை மகளுக்கு நான் எழுதியது இது:

"பெண், 2 வயது 3 மாதம், 11.4 கிலோ. செவ்வாய் இரவிலிருந்து காய்ச்சல், அதிகம் 102.6 இன்று காலை 7 மணி. நேற்றிலிருந்து 4 தடவை வாந்தி. பேதி இல்லை. கடைசியாகச் சிறுநீர் காலை 9. இளநீர் அரை டம்ளர், இட்லி கால். மூச்சு நிமிஷத்துக்கு 34. பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 120 மி.கி. சிரப், 6 மி.லி., காலை 7.15. எந்த மருந்தும் ஒவ்வாமை இல்லை. பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல்."

இவ்வளவுதான். இதைப் படித்து முடிக்க அரை நிமிஷம் ஆகும்.

கொடுத்த மருந்து என்றால் எல்லாமும்தான். பாட்டி கொடுத்த கசாயம், உரை மருந்து, ஓமத் தண்ணீர், நெஞ்சில் தேய்த்த கற்பூர எண்ணெய், பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப், எதையும் மறைக்காதீர்கள். கற்பூரம் உடம்புக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். அது தெரியாவிட்டால் டாக்டர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பாட்டி திட்டு வாங்குவாரே என்று நினைத்து மறைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். "அத்தை ஒரு கசாயம் கொடுத்தாங்க டாக்டர்" என்று சாதாரணமாகச் சொன்னால் யாரும் திட்டுவதில்லை.

7. இடமும் ஆளும்

ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள்; வெளிச்சம் குழந்தை முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் குழந்தை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சிக்னல் எந்த அறையில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த ஆளுக்கே ஒருமுறை போட்டுச் சரிபாருங்கள். சார்ஜ் முழுதாக இருக்கட்டும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மடியில் குழந்தை, ஒருவர் கையில் போன். ஒருவரே இரண்டையும் செய்தால் டாக்டருக்குத் தெரிவது மின்விசிறிதான். சுலபமாகக் கழற்றும் சட்டை போடுங்கள். பசியோடும் தூக்கத்தோடும் குழந்தை இருக்க வேண்டாம். பால் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து இணைப்பு வந்தால் உத்தமம்.

அம்மா ஆபீஸில், குழந்தை பாட்டியிடம் என்றால் மூன்று பேர் சேரும் காலாகப் போடுங்கள். பேசுவது அம்மா, காட்டுவது பாட்டி. அம்மா மட்டும் ஆபீஸ் படிக்கட்டில் நின்று டாக்டரிடம் பேசுவது வேண்டாம். கண்ணால் பார்க்காத குழந்தைக்கு மருந்து கேட்பதாகிவிடும். எண்களைப் பாட்டி முன்பே எடுத்து அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். காது கொஞ்சம் மந்தமாக உள்ள பாட்டிக்கு ஸ்பீக்கரை முழுசாக வையுங்கள்.

8. கால் நடக்கும்போது

தாளைப் படியுங்கள். அப்புறம் நிறுத்திவிட்டுக் கேள்விக்குக் காத்திருங்கள். கூகுளில் பார்த்த நோயின் பெயரோடு தொடங்க வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன பயம் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். "டெங்குவாக இருக்குமோ என்று பயமாக இருக்கு" என்று சொன்னால் டாக்டர் அதற்குப் பதில் சொல்வார்.

சில சோதனைகளை உங்களை வைத்துச் செய்வார். அவசரப்படாமல் செய்யுங்கள். வயிற்றை நான்கு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தச் சொல்வார். குழந்தை முகத்தைப் போனுக்குக் காட்டிக்கொண்டே அழுத்துங்கள், எங்கே சுளிக்கிறது என்று அவர் பார்ப்பார். பெரிய குழந்தையைக் குதிக்கச் சொல்வார். குதித்தால் வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் வலிக்கிறது என்றால் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) பற்றி யோசிப்பார். விரல் நகத்தை அழுத்தி விட்டு, சிவப்பு திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கச் சொல்வார்; 2 வினாடிக்குள் வர வேண்டும். கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்று கேட்பார். உட்கார வைத்து, அழாதபோது தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். அழும்போது எல்லாக் குழந்தைக்கும் புடைக்கும்.

தெரியாததைத் "தெரியவில்லை" என்று சொல்லுங்கள். டாக்டரைத் திருப்திப்படுத்த "அப்படித்தான் இருக்கு" என்று தலையாட்டுவது இந்த முறையில் பெரிய ஆபத்து, ஏனென்றால் அவரிடம் சரிபார்க்க வேறு வழியில்லை.

"நேரில் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் மருந்து மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று மல்லுக்கட்டாதீர்கள். காது வலி, நிற்காத இருமல், நான்காம் நாள் காய்ச்சல் இவற்றில் நேரில் வரச் சொல்வது நியாயமானது. காதுக்குள்ளே போன் கேமரா பார்க்காது.

9. வைப்பதற்கு முன் ஐந்து கேள்விகள்

என்ன நோயாக இருக்கலாம்? எந்த மருந்து, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கொருமுறை, எத்தனை நாள்? எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? எப்போது மறுபடி காட்ட வேண்டும்? ராத்திரியில் மோசமானால் எங்கே போவது?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் போனை வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்கு நீங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கும். டாக்டர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். "ஒன்றரையா, இரண்டரையா" என்ற குழப்பம் சுமாரான சிக்னலில் சாதாரணமாக நடக்கும்.

10. மருந்துச்சீட்டும் மருந்துக்கடையும்

சீட்டில் டாக்டர் பெயர், பதிவு எண், கையெழுத்து, தேதி, குழந்தையின் பெயர், வயது, எடை இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மருந்துப் பெயரை மட்டும் தட்டி அனுப்பினால், சீட்டாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். சரியான சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுக்கும் கடைக்காரர் தன் கடமையைச் செய்கிறார்.

இப்போது கவனமாகப் படியுங்கள். பாராசிட்டமால் திரவம் நம் கடைகளில் பொதுவாக மூன்று வீரியத்தில் வருகிறது. டிராப்ஸ் என்றால் 1 மி.லி.யில் 100 மி.கி. சாதாரண சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. இன்னொரு சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. டாக்டர் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று நினைத்தால், டிராப்ஸில் அது ஒன்றரை மி.லி., 120 சிரப்பில் ஆறேகால் மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 6 மி.லி.யை டிராப்ஸில் கொடுத்தால் 600 மி.கி. போய்விடும். கல்லீரலுக்கு அது விளையாட்டில்லை.

ஆகவே கடையில் பாட்டிலை வாங்கியதும் லேபிளைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, "இதில் எத்தனை மி.லி.?" என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரர் "அது இல்ல, இது அதேதான்" என்று வேறு கம்பெனி கொடுத்தால் கட்டாயம் கேளுங்கள். ஒரே மருந்தாக இருக்கலாம். வீரியம் வேறாக இருக்கலாம்.

இருமல் சிரப்பை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. டாக்டர் "மருந்து வேண்டாம், மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு போதும்" என்று சொன்னால், கொடுத்த காசுக்கு ஒன்றும் எழுதவில்லையே என்று நினைக்காதீர்கள்.

11. கலக்குவதும் அளப்பதும்

ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பவுடராக வரும். முதலில் பாட்டிலைத் தட்டி, ஒட்டியிருக்கும் பவுடரை உதிருங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். அப்புறம்தான் கோடு வரை ஊற்ற வேண்டும். ஒரே மூச்சில் கோடு வரை ஊற்றிவிட்டு, நுரை அடங்கியபின் குறைந்ததைக் கவனிக்காமல் விட்டால் மருந்து கெட்டியாகிவிடும், ஒவ்வொரு வேளையும் அளவு கூடும். சுடுதண்ணீர் ஊற்றினால் மருந்து கெடும். கலந்த தேதியை பாட்டில் மேல் எழுதுங்கள். எத்தனை நாள் தாங்கும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பது லேபிளில் இருக்கும். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டு எடுங்கள்.

சமையலறை ஸ்பூனும் பாலாடையும் அளவு கிடையாது. சிரிஞ்சில் இழுத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும்.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டுங்கள். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று பிரித்துப் போட்டால் உப்பின் அளவு மாறிவிடும், 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, அட்டையைப் படியுங்கள். ஒரு நாள் கழிந்தால் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள சர்க்கரை பேதியைக் கூட்டும். டாக்டர் துத்தநாகம் (ஜிங்க்) 14 நாள் எழுதினால் 14 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் எல்லா வீட்டிலும் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

12. அடுத்த இரண்டு மூன்று நாட்கள்

அதே தாளின் பின்பக்கத்தில் நேரம், காய்ச்சல், மருந்து, குடித்தது, சிறுநீர் என்று வரிசையாக எழுதுங்கள். பகலில் பாட்டி கொடுத்த பாராசிட்டமாலை ராத்திரி அப்பா தெரியாமல் மறுபடி கொடுப்பது இப்படித்தான் நிற்கும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் வரும், மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் குழந்தை சோர்ந்து கிடக்கிறது, வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, கை கால் சில்லிட்டிருக்கிறது, ஈறில் ரத்தம் என்றால் மறுபடி கால் போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் குறையவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்லும் மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் சிரப்புகளை டெங்கு இல்லை என்று தெரியும்வரை தொடாதீர்கள். ரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் குழந்தைக்கு எப்போதும் வேண்டாம்.

மறுபடி காட்டச் சொன்ன நாளில், குழந்தை தேறிவிட்டாலும் ஒரு வரி அனுப்புங்கள்: "காய்ச்சல் நேற்று காலையிலிருந்து இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள்." தேறாவிட்டால் புது டாக்டரிடம் ஓடாமல் அதே டாக்டரிடம், தாளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுங்கள். சீட்டையும் தாளையும் சேர்த்துப் பின் அடித்து டப்பாவில் போடுங்கள். பயன்படுத்திய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பதில் புதிது வாங்கி வையுங்கள், தெர்மாமீட்டர் பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.